எந்த ஆட்டத்தில் அடி அதிகம்?

மச்சான், முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். என் புருவத்துத் தழும்பு சடுகுடுவில் பட்டது என்று கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் சொல்லி வருகிறேன். நீ கோல் போட்ட சந்தோஷத்தில் ஓடிவந்து கோல் கம்பத்தில் நானே மோதிக்கொண்டது உனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று காலை பூண்டு எண்ணெய் தேடிப் பெட்டியைக் கிளறினேன். உன் வலைக்கயிறு இரண்டும் கிடைத்தன. மீன் வாசனை இன்னும் போகவில்லை. ஒன்று உன் ஃபுட்பாலுக்கு, ஒன்று என் சடுகுடுவுக்கு. அடிபட்டால் ஒரு முடிச்சு. நடக்க முடியாமல் போனால் இரட்டை முடிச்சு. எந்த ஆட்டம் ஆளை அதிகம் உடைக்கும் என்று சாந்தோம் மணலில் எத்தனை நாள் வழக்காடினோம். உனக்கு அடியெல்லாம் முழங்காலுக்குக் கீழே. எனக்கு விரலும் விலாவும். நீ ஒரு மணி நேரம் ஓடுவாய். நான் ஒரே மூச்சுதான், ஆனால் நாலு பேரை இழுத்துக்கொண்டு.

ஹாக்கிக்கும் கயிறு கேட்டேன். "கையில தடி குட்த்து ஆடவுடறாங்க. அதுக்கு நங்கூரக் கயிறே பத்தாது" என்றாய். கிரிக்கெட்டுக்கு? "சும்மா நிக்கிறவனுக்கு இன்னாத்துக்கு மச்சான் முடிச்சு?"

பூட்ஸ் போட்ட டீமோடு வெறுங்காலில் ஆடிய அன்று உன் கணுக்கால் பூசணிக்காயாய் வீங்கியது. "கால் போச்சுன்னா கடலுக்கு யார் போறது? வூட்டுல அஞ்சு வாய் கீது" என்றாய்.

"என் ஆட்டத்துக்கு வா. காலுக்கு ஒண்ணும் ஆவாது" என்று பெரிய வைத்தியன்போல் சொன்னேன்.

வீக்கம் வடிந்ததும் வந்தாய். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் நாலு பேர் மேலே விழுந்ததில் உன் தோள் இறங்கியது. துடுப்புப் போடுகிறவனுக்குத் தோள்தான் சோறு என்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தோள் சேரும்வரை நான் ஓட்டும் குதிரைவண்டியை விட்டுவிட்டு உன் அண்ணனோடு கட்டுமரத்தில் நான் போனேன். தினமும் வாந்தி எடுத்துக்கொண்டே கரையேறுவேன். "இதுக்கும் ஒரு கயிறு போட்ரலாமா?" என்பாய்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது ஆட்டமும் இல்லை, கடலும் இல்லை. ஐந்து நாள் காய்ச்சல். அதற்கு எந்தக் கயிற்றில் முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை.

இப்போதும் வண்டியில் ஏறுகிறவன் ஆட்டக்காரன் என்றால், நீ என்ன வேலை செய்கிறாய், அதற்கு உடம்பில் எது வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

நேற்று கிரிக்கெட் பார்க்கப் போனேன். எல்லைக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். பந்து வந்து முழங்காலில் பட்டது. இரண்டு பேர் தூக்கிவந்து வீட்டில் விட்டார்கள். வண்டிக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறேன். வீட்டில் சடுகுடு என்று சொல்லியிருக்கிறேன்.