கண்டாக்கையாவுக்காக ஒரு ஜெபம்

மார்ச் 4, செவ்வாய்

விடியலில் கடும் பனி, பத்து மணிக்குப் பொசுக்கும் வெயில். தேயிலைக் கொழுந்து குறைவு.

ரோசா போய் இருபத்தொரு நாள். என் ஒரே தங்கச்சி. அவளுடைய கூடை இன்னும் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில். எடுக்க மனமில்லை.

மறந்துவிடாமல் எழுதி வைக்கிறேன். ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு இருக்கிறதென்று முந்தின நாளே கண்டாக்கையாவிடம் சொன்னாள். எங்களை வேலை வாங்குகிற மனுஷன், நின்றுகூடக் கேட்கவில்லை. "குளவிக்குப் பயந்தா கொழுந்த யாரு எடுக்குறது? போ" என்றார். மறுநாள் அதே மலைக்கு அனுப்பினார். ஒன்பது பேருக்குக் கொட்டு. ரோசா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியில், என் மடியில்.

வாங்க வேண்டியது: மெழுகுதிரி, பருப்பு, சவர்க்காரம்.

மார்ச் 5, விபூதிப் புதன்

பூசைக்குக் கண்டாக்கையாவும் வந்திருந்தார். வரிசையில் எனக்கு இரண்டு பேர் முன்னால். மண்ணாய்ப் போவதை நினைத்துக்கொள் என்று ஃபாதர் அவர் நெற்றியில் சாம்பல் பூசியபோது ஆமென் சொன்னேன். சத்தமாக வந்துவிட்டது போல. பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

14ஆம் திகதி தோட்ட ஆபீசில் விசாரணை. என்னையும் கூடக் கொழுந்தெடுக்கும் கமலாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். குளவிக்கூட்டைப் பற்றி ரோசா சொன்னபோது பக்கத்தில் நின்றது நாங்கள் இருவர்தான்.

மார்ச் 8, சனி

பாவசங்கீர்த்தனம். அந்த மனுஷன் அழிய வேண்டுமென்று தினமும் வேண்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஃபாதர் ஏசுவாரென்று நினைத்தேன். "ஆண்டவர்கிட்டதானே சொல்றீங்க? சொல்லுங்க. அவரு தாங்குவாரு" என்றார். ஆனால் கண்டாக்கையாவுக்காகவும் தினம் ஒரு ஜெபம் சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். ஆண்டவரே, அவருக்கு நீண்ட ஆயுசு கொடும். அந்த ஆயுசு முழுக்க, வீங்கிப்போன ரோசாவின் முகம் அவர் கண்ணைவிட்டுப் போகாதிருக்கட்டும்.

நெஞ்சு லேசானது. இரண்டு ரொட்டி சாப்பிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கமலா வந்தாள். விசாரணைக்கு வரமாட்டாளாம். புருஷனுக்கு இப்போதுதான் தோட்டத்தில் வாச்சர் வேலை கிடைத்திருக்கிறது. "எனக்கும் வயிறு இருக்குக்கா" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளையும் சபிக்கத்தான் முழங்காலில் நின்றேன். சாபம் வரவில்லை. ரோசா, ரோசா என்று மட்டும் வந்தது. வெகுநேரம். அதுவும் ஜெபம்தானோ என்னவோ.

மார்ச் 14, வெள்ளி

விசாரணை. விசாரிக்க வந்த ஐயா சிங்களத்தில் கேட்டார், கிளார்க் தமிழில் சொன்னார். தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆண்டவர் சாட்சி என்றார் கண்டாக்கையா. ஆண்டவரை இழுத்தாரே, அந்த நிமிஷமே எழும்பி நின்றேன். எந்த நாள், எந்த இடம், என்ன சொன்னார், எல்லாம் சொன்னேன்.

கமலா எங்கே என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். அப்போது கமலாவே, இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு மலையிலிருந்து நேரே வந்து வாசலில் நின்றாள். மூச்சு வாங்கியது. "அந்தப் புள்ள சொல்லிச்சுங்க. நானும் கேட்டேன்."

கண்டாக்கையாவின் முகம் வெளுத்துப்போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சர்க்கரை தின்ற மாதிரி இருந்தது. இத்தனை சந்தோசம் பாவமா? ஃபாதரிடம் கேட்க வேண்டும். அவசரமில்லை.

மார்ச் 15, சனி

கண்டாக்கையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கமலா ஓடி வந்து சொன்னாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பின்னேரம் அவரே லயத்துக்கு வந்தார். இத்தனை வருசத்தில் முதல் தடவை. உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி பேசினார். தப்புத்தானாம். வீட்டில் எல்லாரும் அழுகிறார்களாம்.

"கோயிலுக்குப் போறவங்க நீங்க. மன்னிக்கணும்."

"ஆண்டவர் மன்னிப்பாருங்க. அவரு எல்லாருக்கும் தகப்பன். நான் ரோசாவுக்கு மட்டும்தான் அக்கா."

கதவைச் சாத்தினேன். கும்பிட உட்கார்ந்ததும் அழுகை. அடக்கத்தன்றுகூட இப்படி வரவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. ஆண்டவராயிருக்கும்; எழும்பிப் போகவேயில்லை. கண்டாக்கையாவை மன்னித்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.