ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டிய சில்லுகள்

அக்கா,

இன்று காலை உன் ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி மர அலமாரியைக் குடைந்தபோது, பழைய புடவைகளுக்கு அடியில், பிரிக்காமல் மிஞ்சின அந்தப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. பழுப்புக் காகிதம், மேலே நமக்குப் படிக்கத் தெரியாத சிவப்புச் சீன எழுத்து. கிடைத்ததை முகர்ந்து பார்க்காமல் வைக்கத் தெரிந்தவனா நான்? பட்டை, சுக்கு, அதிமதுரம், அவற்றுக்கும் கீழே ஈரமண் மாதிரி ஒரு வாடை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஃபைல் எதற்கு என்று கேட்பாய். என் இடது கட்டைவிரலுக்குக் கீழே சதை மூன்று வாரமாகத் துடிக்கிறது. போன வாரம் பஜார் ரோடு மசாலாக் கோடவுனில் சாம்பிள் சுக்கை ஒடிக்கப் போனேன், நழுவிக் கீழே விழுந்தது. முப்பது வருஷமாக ஒடித்துப் பார்த்துத் தரம் சொல்கிற கை. யாரும் கவனிக்கவில்லை. குனிந்து எடுத்து மேஜை விளிம்பில் வைத்து ஒடித்தேன். உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாவி திரும்பவில்லை என்று பூட்டைத் திட்டினாய். நாமும் புத்திசாலிகள் மாதிரி பூட்டை மாற்றினோம்.

உன்னைப் பார்த்த அதே நரம்பு டாக்டரிடம் பதினொரு மணிக்குப் போகவேண்டியிருந்தது. பழைய ஃபைல் இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார். கட்டின பெண்டாட்டி, கோமதியிடம்கூட நான் எதுவும் சொல்லவில்லை. அவள் எங்கள் பேத்தியைப் பார்க்கத் திருப்பூணித்துறைக்குப் போயிருக்கிறாள், வீட்டில் நான் மட்டும்தான்.

வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போய், மண்சட்டியில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தேன். பயம் வந்தால் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை.

அந்த டாக்டர் உன் விஷயத்தில் மழுப்பவே இல்லை. நரம்பு சாகிறது, அதனால் சதை கரைகிறது, மாத்திரை கொஞ்சம் மெல்லப் போகவைக்கும், நிறுத்தாது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகு நாம் தட்டாத கதவில்லை. எதிர்வீட்டு மாமியின் பிள்ளை சிங்கப்பூரில் ஒரு சீன வைத்தியரைப் பிடித்தான். அவர் போனிலேயே உன் நாக்கைப் பார்த்து மருந்து எழுதினார். நான் தயங்கினேன். நீ கேலி செய்தாய்: "ஆத்தங்கரைல மீன் பிடிக்கச் சீனவலை, அடுக்களைல வதக்கச் சீனச்சட்டி. கஷாயம் மட்டும் ஏண்டா ஆகாது நோக்கு?"

மருந்து பொட்டலம் பொட்டலமாக வந்தது; முதலாவதைப் பிரித்ததும் நான் தெளிந்துவிட்டேன். முக்கால்வாசி நம் கோடவுன் சரக்கு. ஒவ்வொன்றாக ஒடித்து, முகர்ந்து, "நல்ல சரக்குதான்" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தேன். தனியாக ஒரு சின்னக் கவரில் கறுப்புச் சில்லுகள் இருந்தன. அதை மட்டும் முதலில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகுதான் மற்றதைப் போடவேண்டும் என்று மாமியின் பிள்ளை இரண்டு தடவை சொன்னான். ஏன் என்று நான் கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார், வேண்டாம் என்று உன்னைத் தடுத்ததும் நான்தான்.

ஐந்து வாரம் சொன்னபடி காய்ச்சினேன். காலில் சூடு வந்தமாதிரி இருக்கிறது என்றாய். பசித்தது உனக்கு. அப்புறம் ஸ்பூன் பிடிக்கிற விரலும் மடங்காமல் போனது. அப்போதுதான் என் தொழில்புத்தி வேலை செய்தது. வாசனை போனால் சரக்கு போச்சு என்று பழகியவன் நான். இவ்வளவு நேரம் கொதித்தால் சத்தெல்லாம் ஆவியோடு போகும், அதனால்தான் உனக்கு மருந்து கேட்கவில்லை என்று நானே முடிவுகட்டினேன். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, மூடி வைத்து, இருபது நிமிஷத்தில் இறக்கினேன்.

வீடெல்லாம் மணத்தது. "இன்னிக்கு வாசனை ஜோரா இருக்குடா" என்றபடி ஒரு சொட்டு விடாமல் குடித்தாய்.

அரைமணியில் உதடு மரத்துவிட்டது என்றாய். பிறகு வாந்தி. உன் நெஞ்சில் கைவைத்தேன், துடிப்பு தாறுமாறாக இருந்தது. பள்ளுருத்தி ஆட்டோக்காரச் சேட்டன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் பாலம் தாண்டி எர்ணாகுளம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் சில்லு வச்சநாபி இனத்துக் கிழங்காம். ஒரு மணி நேரம் கொதித்தால்தான் அதன் விஷம் அடங்குமாம். மூக்குக்குத் தெரியாத விஷயம் அது.

யார் காய்ச்சினது என்று உன் நரம்பு டாக்டர் வந்து கேட்டபோது நான் உன் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீதான் குழறிக் குழறிச் சொன்னாய்: "நான்தான். நானே காய்ச்சிக் குடிச்சேன்." டாக்டர் போர்வைக்கு மேல் கிடந்த உன் கைகளைப் பார்த்தார். ஒரு டம்ளரைத் தூக்க முடியாத கைகள். நீ சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு நீ என்னைத் திட்டவில்லை. "இனிமே எதைக் குடிச்சாலும் டாக்டர்ட்ட சொல்லிட்டுத்தான். மறைச்சுக் குடிக்கறது போறும்டா" என்றாய், அவ்வளவுதான். அதற்குப்பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தாய். கடைசியில் மூச்சு விடுகிற தசையும் ஓய்ந்து, போய்ச்சேர்ந்தாய். அதற்கும் அந்த நாளுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. இப்போதும் சுக்கு மணக்கிற நாளில் சோறு இறங்குவதில்லை.

இன்று காலை சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. உன் "போறும்டா" காதில் விழுந்தது. அடுப்பை அணைத்தேன். பொட்டலத்தைப் பிரிக்காமல் ஃபைலோடு பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டாக்டருக்குத் தலை நரைத்துவிட்டது. சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், விரல்களை இழுத்துப் பார்த்தார். சும்மாவும் துடிக்குமாம், வயசானவனுக்குக் கழுத்து எலும்பு தேய்ந்தாலும் வருமாம், உன் வியாதியாகவும் இருக்கலாமாம். அடுத்த வாரம் ஊசி குத்திப் பார்க்கும் டெஸ்ட். அதற்குமுன் ஒன்றும் சொல்லமுடியாது என்றார். நான் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன். காலையில் அடுப்பு பற்றவைத்ததைச் சொன்னேன். பிறகு, இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததையும் சொன்னேன். அன்றைக்குக் காய்ச்சினது அக்கா இல்லை, நான்.

அவர் பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "அது எனிக்கு அன்னே அறியாம். ஆ கை ஞான் கண்டதல்லே" என்றார்.

அன்றைக்கே தெரியுமாம். உன் கையைப் பார்த்தவர் அல்லவா. யாரும் நம்பமாட்டார்கள் என்று உனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும், எனக்காக, வராத நாக்கைப் பிடித்து இழுத்து அந்தப் பொய்யைச் சொன்னாயே அக்கா.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கட்டைவிரல் துடித்துக்கொண்டுதான் இருந்தது. அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன், உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அப்படி. பிறகு கோமதிக்குப் போன் போட்டேன். "என்ன ஆச்சு, குரல் ஒருமாதிரி இருக்கு?" என்றாள். ஒண்ணுமில்லை என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "கை துடிக்கறது கோமதி. அக்காக்கு வந்ததோன்னு பயமா இருக்கு. அவளைப் பாத்த டாக்டரைப் பாத்துட்டு ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்ல நிக்கறேன்" என்றேன்.

"அங்கேயே நில்லுங்கோ, இதோ வரேன்" என்றாள்.