ஜின்னிங் மில்லுக்கு ஓடு மாற்றப் போகிறானாம்

புரட்டாசி, வியாழன் இரவு

எங்கள் தோட்டத்தில் மூடிக் கிடக்கும் பருத்தி ஜின்னிங் மில்லைப் பார்க்கத் தம்பி இன்று ஒருவரைக் கூட்டி வந்தான். பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவராம், கோயம்புத்தூர்க்காரர். "தாத்தா கட்டுனதுங்களா? என்ன அழகுங்க," என்றார். அப்படிச் சொன்னவர் புகைபோக்கியை ஏறிட்டும் பார்க்கவில்லை. வளைவு வைத்த சன்னல்களைப் படம் எடுக்கவில்லை. நேராக உள்ளே போய் ஏணியில் ஏறினார். தேக்கு உத்திரத்தைச் சாவியால் சுரண்டி, அந்தத் தூளை மோந்து பார்த்தார். எழுதுகிறவருக்கு மரத்தின் வாசம் எதற்கு?

தம்பியிடம் கேட்டேன். "உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகமுங்கண்ணா," என்று சிரித்தான்.

சாப்பிடும்போது அவனே பேச்சை எடுத்தான். "மழைக்கு முன்னால மில்லு ஓட்டைப் பிரிச்சு மாத்திப்போடலாமுங்கண்ணா. திங்கக்கிழமை ஆள் வருது. நீங்க தாராபுரம் கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறனுங்க."

வருஷாவருஷம் ஓடு மாற்றச் சொல்லிக் கத்துகிறவன் நான். அவன் காதில் வாங்கியதே இல்லை. மில் இருவருக்கும் பொது. இடத்தை விற்க என் கையெழுத்து வேண்டும். மரத்தை விற்க யார் கையெழுத்தும் வேண்டியதில்லை.

கூடப் பிறந்தவனை இப்படி நினைக்கக்கூடாதுதான். ஆனாலும் கை கழுவிவிட்டுக் களத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஓடு மாற்றுவதென்றால், உடைந்ததற்குப் பதில் போடப் புது ஓடு முன்னாடியே வந்து இறங்கிவிடும். ஒரு ஓடுகூட வரவில்லை.

வடக்கயிறு வந்திருக்கிறது. உத்திரத்தையே கட்டி இறக்கலாம், அவ்வளவு தடிமன்.

கல்யாணத்துக்கு நான் போகப்போவதில்லை. அதை அவனிடம் சொல்லப்போவதுமில்லை.