நாலாயிரத்து அறுநூறு சுற்றில் நிறுத்திய எண்

டெட்ராய்ட்
3 பிப்ரவரி 1970, செவ்வாய்

அன்பு மகள் லொரேனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை டேலும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் ஜாம் வைத்த பொங்ச்கிப் பணியாரம் சுட, இப்போதே பிளம் ஜாம் வாங்கி அடுக்கிவிட்டாள். உனக்கு ஒரு டஜன் எடுத்து வைப்பாளாம். இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

உன் கடிதம் நேற்று வந்தது. முன்பணம் கட்டியாயிற்று, சனிக்கிழமை புது வண்டி எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். வண்டியின் பெயரை இரண்டு முறை படித்தேன். "முந்நூத்தி இருபது குதிரைத்திறன்னுதான் போட்டிருக்கு. அப்பா கணக்குப்படி அஞ்சுல ஒண்ணு கழிச்சா இருநூத்தம்பது சொச்சம். எனக்கு பயமில்ல" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் வேறு வரைந்திருக்கிறாய்.

அந்தக் கணக்கைச் சொன்ன வாய் என் வாய்தான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பீர் உள்ளே போனதும் பெருமை பேசுவேனே! எங்கள் தொழிற்சாலையில் இஞ்சினை வண்டியில் வைத்தா அளக்கிறோம்? இரும்புச் சட்டத்தில் கட்டி, காற்று வடிகட்டியையும் விசிறியையும் கழற்றிவிட்டு, புகை தடையில்லாமல் போக நேர்க்குழாய் மாட்டி ஓட்டுகிறோம். அது முறுக்குகிற விசையை டைனோ என்கிற கருவி காட்டும். விசையையும் சுற்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் குதிரைத்திறன். வண்டிக்குள் போனதும் விசிறியும் சைலன்சரும் தங்கள் பங்கைத் தின்றுவிடும். அதனால்தான் அச்சிட்ட எண்ணில் ஐந்தில் ஒன்றைக் கழி என்றேன். மற்ற இஞ்சின்களுக்கு அது ஏறக்குறைய சரி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நீ கெட்டுவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

இந்த இஞ்சினை அளந்தவனே நான்தான். போன ஆகஸ்டில் அளந்தேன். நிமிடத்துக்கு நாலாயிரத்து அறுநூறு சுற்றில் முந்நூற்றிருபது வந்தது. அதோடு யாரும் நிறுத்த மாட்டார்கள், நானும் நிறுத்தவில்லை. ஐயாயிரத்து எண்ணூறு சுற்றில் நானூற்றுப் பத்து. இரண்டையும் தாளில் எழுதினேன். மறுநாள் மேலாளர் ஹேகன் வந்து தோளில் கை போட்டார். "காசிமிர், நாலாயிரத்து அறுநூறோட நிறுத்திக்கய்யா. நானூறுன்னு அச்சடிச்சா இன்சூரன்ஸ்காரன் ஒருத்தனையும் வாங்க விடமாட்டான். உன்னைப் பொய்யா எழுதச் சொல்றேன்? அந்தச் சுத்துல அதுதானே வருது?" என்றார். வரத்தான் செய்கிறது. புதுத் தாளில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருக்கிறது, லொரேன்.

ஆக, நீ கழிக்க வேண்டியது நானூற்றுப் பத்திலிருந்து. கழித்த பிறகும் முந்நூறுக்கு மேல் மிச்சம் நிற்கும். மிதியைப் பாதி அழுத்தும் வரை பசு மாதிரி இருக்கும், அதற்கு மேல் பின்சக்கரம் உன் பேச்சைக் கேட்காது. நம் வீட்டுக்கு வருவாரே லியோ, இருபது வருஷமாகச் சோதனை வண்டி ஓட்டுகிறவர், அவரே அக்டோபரில் ஈரத் தளத்தில் இதை அடக்க முடியாமல் வேலியில் மோதினார். இன்னும் இடுப்புக் கட்டோடு படுக்கையில் கிடக்கிறார். நீயோ விடியற்காலையில் பனி உறைந்த பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள்.

நேற்றே இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். திடுக்கிடுவார் என்று நினைத்தேன், அவர் சிரித்தார். "அது ஊரறிஞ்ச ரகசியந்தானே மாமா! அதுக்குத்தானே இத வாங்குறோம். அவ பேர்ல எடுத்தா இன்சூரன்சும் கம்மி. நீங்க கையெழுத்துப் போட்ட நம்பர நீங்களே இல்லேங்கலாமா?" என்றார். உன்னிடமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சொன்னாரா? சொல்லியிருந்தால் இதில் எதுவும் உனக்குப் புதிதாக இருக்காது.

புருஷன் பெண்டாட்டி நடுவே நுழைய எனக்கு ஆசையில்லை. அவர்மேல் கோபப்படு என்றும் சொல்லவில்லை. முதல் தப்பு என்னுடையது.

முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று கடைக்காரர் முறுக்கினால் இந்தக் கடிதத்தைக் காட்டு. இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் காட்டு. அது சுற்றி எங்கே வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி என்பதும் தெரியும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ யோசிக்காதே, காட்டு.

சனிக்கிழமை அவர்கள் சாவியை நீட்டும்போது நீ கையை நீட்டாதே, கண்ணே. கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிமிர் நோவிக்கி
இஞ்சின் சோதனையாளர், பணி எண் 2217