வெறும் வயிற்று மீன்கள்

என் மகளின் அப்பாவுக்கு,

கழிமுகத்துப் பொடிமீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்துவிட்டு, "இதுங்க ஒண்ணும் பெருசா திங்கிறதில்ல" என்று ஆய்வுக்கூடத்தில் அடித்துப் பேசினீர்களே, நினைவிருக்கிறதா? வலையில் சிக்கிய பயத்தில் தின்றதையெல்லாம் அவை கக்கியிருந்தன. வலை இழுத்த நானே சொல்லியும் உங்கள் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வந்து, எதிரே உட்கார்ந்து அவள் தட்டையே முறைத்தீர்கள். அவள் ஒரு வாய்கூட வைக்கவில்லை. உடனே வக்கீலிடம் போய், "அம்மா வீட்ல புள்ள பட்டினி கெடக்குது, எங்கிட்ட குடுத்துடச் சொல்லுங்க" என்றிருக்கிறீர்கள்.

அன்று உங்கள் கார் தெருமுனை திரும்பியதும் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்:

"அப்பா போயாச்சா? அப்போ சோறு போடும்மா, பசியில உயிர் போகுது."

இப்படிக்கு,
சோறு போட்டவள்