மூன்று நாள் மருந்து

மார்ச் 4

எதிர்ச்சாரியில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் டாக்டரம்மா இன்றும் என் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். முதுகில் கட்டியோடு வந்த லாரி டிரைவர். மூன்று நாளுக்கு ஆறு மாத்திரை வெட்டிக் கவரில் போட்டுவிட்டேன். அவர் கை நீட்டும் நேரத்தில் தெருவைக் கடந்து வந்து நிற்கிறாள்: "உள்ள சீழ் இருக்குங்க. கீறி எடுக்கணும். மாத்திரை மட்டும் முழுங்கினா ஆகாது, வாங்க."

என் கவுண்டரில், என் கண் முன்னால். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெருவின் கட்டி, கொப்புளம் எல்லாம் பார்த்தவன் நான். நேற்று முளைத்தது எனக்குப் பாடம் எடுக்கிறது.

மார்ச் 6

என் கழுத்துக் கட்டி மறுபடியும். இந்த வருடத்தில் மூன்றாவது முறை. அதே மாத்திரைதான், மூன்றே நாள். வலி போனதும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு மருந்துக்குப் பழகிவிடும். இதைக் கல்லூரியில் சொல்லித் தரமாட்டார்கள்.

மார்ச் 9

அமுங்கிவிட்டது. சொன்னேனா இல்லையா.

மனைவி என் துண்டைத் தனியாக வைக்கிறேன் என்று ஆரம்பித்தாள். கட்டி வந்தவர் துண்டை மற்றவர்கள் தொடக் கூடாது என்று டாக்டரம்மா வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறாளாம். "அப்ப அவ வீட்லயே போய்க் குடித்தனம் பண்ணு" என்றேன். அதோடு பேச்சு நின்றது. நிம்மதி.

மார்ச் 15

சின்னவளுக்குத் தொடையில் கட்டி. சுண்டைக்காய் அளவு. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு உரசியிருக்கும்.

"எதிர்ல ஒரு தடவை காட்டிடலாங்க" என்கிறாள் இவள். எதிரிலா? மருந்துக் கடைக்காரன் மகளே அங்கே போய் வரிசையில் உட்கார்ந்தால் நாளைக்கு எவன் என் கடைப் படி ஏறுவான்? கொஞ்சமாவது யோசிக்கிறாளா? ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்தேன்.

மார்ச் 18

வலி குறைந்துவிட்டது என்றாள் குழந்தை. நிறுத்தியாயிற்று.

மார்ச் 21

காலையில் எலுமிச்சம்பழம் அளவு. தொட்டால் சுடுகிறது, நடக்க முடியவில்லை. இன்னொரு ஆறு கொடுத்தேன். மனைவி சிவந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். "என்ன, கோலம் போடுறியா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

மூன்று மணிக்குத் தெருவில் பார்க்கிறேன் — பதினான்கு வயதுப் பெண்ணைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வருகிறாள். என் கடையைத் தாண்டி, நேராக எதிர் வாசலுக்கு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தையல்காரர், பூக்கடைக்காரி எல்லோரும் பார்த்தார்கள். மானம் போயிற்று. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி நாலு விரல் போயிருந்ததாம்.

மார்ச் 22

பெரிய ஆஸ்பத்திரி. மயக்க மருந்து கொடுத்துக் கீறினார்கள். சீழைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காய்ச்சல் நூற்று நாலு.

டாக்டரம்மா அங்கேயும் வந்துவிட்டாள். "வீட்ல வேற யாருக்காவது கட்டி வந்துச்சா?"

இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவள் — "அவருக்கு. கழுத்துல. மூணு தடவை. ஒரே துண்டுதான் எல்லாரும்." புருஷனைப் போலீஸில் பிடித்துக் கொடுப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னாள். எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தாளோ.

மார்ச் 23

காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தில் பரவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம். கடை திறக்கவில்லை.

மார்ச் 25

சோதனை முடிவு வந்தது. ஸ்டாஃபைலோகாக்கஸ், சீழ்க்கட்டி வரவைக்கும் கிருமி. மருந்துகளின் பெயரெல்லாம் வரிசையாக, எதிரே கட்டுப்படும், கட்டுப்படாது என்று போட்டிருக்கிறது. கட்டிக்கு நான் வெட்டிக் கொடுக்கும் மாத்திரைகள், என் கடையின் இரண்டாவது தட்டு முழுவதும், கட்டுப்படாத பக்கத்தில் இருந்தது.

"நம்ம தோல்லயும் மூக்குலயும் சும்மா கிடக்குற கிருமிதாங்க. காயம் வழியா உள்ள போனாதான் வம்பு. அரைகுறையா மருந்து குடுத்தா, சாகாம தப்பிச்சது மட்டும் பெருகும். அப்புறம் அந்த மருந்துக்கு அது அசையாது" என்றாள் டாக்டரம்மா.

என்னமோ நான் சோறு போட்டு வளர்த்துவிட்ட மாதிரி. ஊர் உலகத்தில் வேறு யாருமே மாத்திரை வெட்டிக் கொடுப்பதில்லையா? பள்ளிக்கூடத்தில் ஒட்டியிருக்கலாமே? பெஞ்சில்? எதற்கெடுத்தாலும் நான்தானா?

என் கழுத்திலிருந்துதான் போச்சோ. அவ முகம் துடைச்ச துண்டு. நான் கிண்டல் பண்ணினேனே அன்னிக்கு. ஐயோ என் குழந்தை.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

மார்ச் 27

காய்ச்சல் நூறு. கஞ்சி குடித்தாள். மனைவி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "வீட்ல குடத்துல தண்ணி இருக்கா?"

மார்ச் 30

வீட்டுக்கு வந்துவிட்டோம். காயம் உள்ளிருந்து ஆற வேண்டும், தினமும் துணி மாற்ற வேண்டும். துண்டு, படுக்கை விரிப்பு எல்லாம் வெந்நீரில். பத்து நாளுக்கு மாத்திரை, வலி போனாலும் ஒரு வேளைகூட விடக் கூடாது.

சீட்டை வாங்கக் கை நீட்டினேன். "நம்ம கடையில இருக்கு, நானே எடுத்துட்டு வரேன்" என்றேன். மனைவி சீட்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

மார்ச் 31

மருந்தின் பெயர் எனக்கு மனப்பாடம். சாயங்காலம் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். முழு ஸ்ட்ரிப், வெட்டவில்லை.

அலமாரியில் ஏற்கெனவே ஒரு கவர் இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையின் பெயர். இவ்வளவு வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போய் வாங்கி வந்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். எண்ணிக்கை சரி, தேதி சரி. பழித்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

சின்னவள் அம்மாவின் கையிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கினாள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "அப்பா, நீங்க ஏதாச்சும் குடுத்தா அம்மாவக் கேட்டுட்டுதான் சாப்பிடணுமாம்" என்றாள்.

சரிம்மா என்றேன். நான் கொண்டு போனது இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.