இடது கால் ஷூ

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய நர்ஸ், தூங்கும் கணவனுக்கு ஃப்ரிட்ஜ் கதவில் இந்தச் சீட்டை ஒட்டினாள்.

"என்னங்க, சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. இடது கால் ஷூவைத் தேடாதீங்க, என் பையில இருக்கு. போன வாரம் வரைக்கும் அஞ்சு கிலோமீட்டர், இந்த வாரம் எடுத்த எடுப்புல பதினஞ்சா? கால் என்ன இரும்பா? முழங்காலுக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு நீங்க முனகினது எனக்குக் கேட்டுச்சு. 'மாமா பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓட மாட்டாரு'ன்னு என் தம்பி சொன்னா சொல்லிட்டுப் போறான். ஓட்டப் பந்தயத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. கையெடுத்துக் கும்பிடறேன், வலி போற வரைக்கும் ஓடாதீங்க."

அடியில் நெருக்கி எழுதியிருந்தாள்: "நேத்து நான் பேசாம படுத்தது கோபம் இல்லைங்க, பயம்."

அவன் செருப்போடு ஓடினான். மதியம் அவள் வேலைசெய்யும் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கீறல் இருந்தது.